மாலி மச்சாளின் நல்ல வீடு

செய்தி வந்தபோது நான் குரோய்டனில் ட்ராமுக்காக நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிக் கடையில் வேலை முடித்து, வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நினைத்திருந்த பின்னேரம் அது. அண்ணையின் மகள் தாரணிதான் போன் எடுத்தாள்.

"மாமி, அம்மா போயிட்டா," என்றாள். "அப்பா பக்கத்தில இருக்கிறார். கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார், ஒண்டும் கதைக்கிறார் இல்லை. கெதியா வாங்கோ. அழாமல் வாங்கோ மாமி, பிளீஸ்."

வந்த ட்ராமில் ஏறிவிட்டேன். அது விம்பிள்டன் பக்கம் போகிற ட்ராம் என்பது சில தரிப்புகள் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் மறுபடியும் காத்து நின்றேன். அழவில்லை. அழமாட்டேன் என்று மச்சாளுக்கு, அண்ணையின் மனைவிக்கு, வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கு சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தாருங்கள் என்று தாரணி கேட்டாள். நாலு வரியில் முடிக்கிற ஆள் நானில்லை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மச்சாளை அறியாதவர்களுக்காக முதலில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அவரைச் சீனாக்காரி என்றார்கள். மற்றப் பாதி தாய்லாந்துக்காரி என்றது. இவ்வளவு காலமாகத் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் கடைகளிலேயே மரக்கறி வாங்கிய ஒருவரைப் பற்றி இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கும் ஒரு கெட்டித்தனம் வேண்டும். அவருடைய முழுப்பெயர் மாலிவன். லாவோஸ் நாட்டவர். மீகாங் ஆற்றங்கரையில் ஒரு சிறிய பட்டணத்தில் பிறந்தவர்.

வேலை தேடி ஆற்றைக் கடந்து பாங்கொக்குக்கு வந்து, ஒரு விடுதிச் சமையலறையில் நின்றார். அதே விடுதியில்தான் என் அண்ணை குணரத்தினம், லண்டனுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரனை நம்பி மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தார். அண்ணைக்குக் காய்ச்சல் கண்டு, கூட இருந்தவர்களும் வேறு வழியாகப் போய்விட, அறையில் தனியே கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர் மாலிவன். கஞ்சியோடு ஒரு வெள்ளை நூலையும் கொண்டுவந்து அவர் மணிக்கட்டில் கட்டினாராம். ஆளுக்கு ஆள் பாஷை விளங்காது. "கட்டிப்போட்டாள். பிறகு நான் எங்க போறது?" என்று அண்ணை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். லண்டன் வந்து, விசா கிடைத்து, மச்சாளைக் கூப்பிடச் சில வருடம் எடுத்தது. அந்த நூல் அற்று விழுந்த துண்டைக்கூட அண்ணை பேர்ஸுக்குள் வைத்திருந்தார்.

ஹீத்ரோவில் வந்து இறங்கியபோது மச்சாளின் கையில் கூம்பு வடிவில் ஒரு மூங்கில் கூடை இருந்தது. அண்ணையோடு இருந்த எங்கள் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, மீன் பிடிக்கிற பறியோ?" என்று கேட்டார். அது அவர்கள் ஒட்டரிசி அவிக்கிற கூடை. இரவு ஊறவைத்த அரிசியை அதில் போட்டு, கொதிக்கிற பானை வாயில் வைத்து ஆவியில் அவிப்பார்கள். பிறகு கையால் சிறு உருண்டையாக உருட்டி, காரமான சம்பலில் தொட்டுத் தின்பார்கள். முதல் நாள் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "தண்ணி கூடிப்போச்சு பிள்ளை, குழைஞ்சு போச்சு. நாளைக்கு நான் காட்டித் தாறன்," என்றார். மச்சாளுக்கு அப்போது தமிழ் விளங்காது. பாராட்டென்று நினைத்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். அடுத்த நாளும் அதே சோறு வந்தது.

பிறகு புத்தர் வந்தார். மச்சாள் உள்ளங்கை அளவில் ஒரு புத்தர் சிலையைச் சாமி அறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கண்டதும் அம்மாவின் முகம் கறுத்தது. "எங்கட காணியில இதைக் கொண்டுவந்து வைச்ச ஆமிக்காரரிட்டத் தப்பி வந்தனாங்கள். இங்க நான் விளக்குக் கொழுத்திக் கும்பிடவோ?" என்று அண்ணையிடம் கேட்டு அழுதார். மச்சாளுக்கு எங்கள் ஊர்க் கதை முழுக்கத் தெரியாது, ஆனால் வயதான ஒரு மனிசி அழுகிறது தெரிந்தது. சிலையை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறை அலுமாரியில் அரிசிப் பேணிக்கு மேலே வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவித்த சோற்றில் முதல் உருண்டை அலுமாரிக்குப் போகும். அம்மாவும் கடைசிவரை அந்த அலுமாரியைத் திறக்கவே இல்லை. அரிசி வேண்டுமென்றால் என்னைத்தான் எடுக்கச் சொல்லுவார்.

தாரணி பிறந்து துடக்குக் கழிந்த அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலாக அவர்களுடைய நூல் கட்டுகிற சடங்கைப் பார்த்தோம். மச்சாள் வாழையிலையைக் கூம்பாகச் சுருட்டிச் செவ்வந்திப் பூச் செருகி, அதில் வெள்ளை நூல்களைத் தொங்கவிட்டு, பக்கத்தில் அவித்த முட்டை, வாழைப்பழம், சோறு எல்லாம் வைத்தார். அதற்குள் தமிழும் ஓரளவு வந்திருந்தது.

"உடம்பில முப்பத்திரண்டு உயிர் இருக்கு," என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினார். "ஆள் பயந்தால், தூரம் போனால், வருத்தம் வந்தால், ஒண்டு ரெண்டு அங்கங்க நிண்டிடும். கூப்பிட்டு, கட்டவேணும்."

அப்பா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப எனக்குப் பாதி ஊரில, கொடிகாமத்தில நிக்குது பிள்ளை," என்றார். "மிச்சம் ஓடிவந்த வழியில, வவுனியாவில." எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். மச்சாள் நூலால் அவர் கையை வெளிப்பக்கமாகத் தடவிக் கெட்டதைத் துரத்தி, உட்பக்கமாகத் தடவி நல்லதைக் கூப்பிட்டு, முடிச்சுப் போட்டார்.

அதில் இன்னொரு முறையும் உண்டு. ஒருவருக்கு நூல் கட்டும்போது பக்கத்தில் இருக்கிறவர் அவருடைய முழங்கையை ஏந்திப் பிடிக்கவேண்டும். எட்டாதவர் முன்னால் இருக்கிறவரின் தோளைத் தொடவேண்டும். கட்டுகிறதில் எல்லோருக்கும் பங்கு. அண்ணைக்கு அது ஒருநாளும் நினைவில் நிற்காது. கிரிக்கெட் ஓடுகிற டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். "முழங்கை!" என்று மச்சாள் அதட்டுவார். அண்ணை டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டிப் பக்கத்தில் இருக்கிறவரின் முழங்கையைப் பிடிப்பார். தாரணி பள்ளிக்கூடம் போனபோதும், நான் மணமுறிவுக்குப் பிறகு அவர்கள் வீட்டில் வந்து நின்றபோதும், அண்ணை ஊருக்குப் போய்வந்தபோதும் இதே அதட்டல்தான், இதே கைதான்.

அம்மா இறந்தபோது நடந்ததை மோர்டனில் இருக்கிற சின்னம்மா, அம்மாவின் தங்கை, இன்றைக்கும் மறக்கவில்லை. இந்த நாட்டில் உடலைத் தகனம் செய்ய நாளெடுக்கும். அந்த நாட்களில் பின்னேரம் முழுக்க ஆட்கள் வந்து போவார்கள். நாங்கள் கதிரைகளைச் சுவரோடு போட்டு, வாய் திறக்காமல் இருந்தோம். அப்பா அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் பின்னேரமே மச்சாள் நடு ஹோலுக்குள் ஒரு மேசையை இழுத்துப் போட்டார். கச்சான் கடலை வறுத்து வைத்தார். பிறகு அப்பாவுக்கு முன்னால் இருந்து சீட்டுக்கட்டை எடுத்துக் குலுக்கத் தொடங்கினார்.

சின்னம்மா கதிரையை விட்டு எழும்பினார். "ஊரில ஆம்பிளையள் கேற்றடியில இருந்து விளையாடுறவைதான். மருமகள் வீட்டுக்குள்ள இருந்து விளையாடி ஆரும் பாத்ததோ? அக்காவின்ர படத்துக்கு முன்னால?" என்று அண்ணையைக் கேட்டார்.

மச்சாளுக்குத் தான் செய்த பிழை என்னவென்றே விளங்கவில்லை. "எங்கட ஊரில செத்த வீட்டை நல்ல வீடு எண்டு சொல்லுவம்," என்றார். "ஆக்கள் வருவினம், சாப்பிடுவினம், காட்ஸ் விளையாடுவினம், சத்தமா இருப்பினம். தனிய விட்டால் மிஞ்சின ஆளும் பின்னால போயிடும்."

சின்னம்மா அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்காமலே போனார். அப்பா சீட்டை எடுத்தார். முந்நூற்று நாலு விளையாட்டு மச்சாளுக்கு அவர்தான் பழக்கினார். தகனம் முடியும்வரை ஒவ்வொரு பின்னேரமும் இருவரும் விளையாடினார்கள். மச்சாள் தோற்றுக்கொண்டே இருந்தார். அப்பா ஒருநாள், "இந்தப் பிள்ளைக்கு ஒரு துரும்பும் விளங்கேல்லை," என்று சலித்துக்கொண்டார். அம்மா போன பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முறைப்பாடு அது. அதன்பிறகு அப்பா நாலு வருடம் இருந்தார்.

மச்சாளுக்கு வயிற்றில் கட்டி என்று போன மாரியில் சொன்னார்கள். வைத்தியம் நடந்தது. நடந்துகொண்டிருக்கும்போதே அது பலன் தரவில்லை என்பதும் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் அண்ணை கார் பார்க்கிங்குக்குக் காசு போட இறங்கியிருந்த நேரம், மச்சாள் என் கையைப் பிடித்தார். அவர் மணிக்கட்டில் நூல் கிடந்தது. ஊசி ஏற்றவந்த தாதி அதை வெட்டாமல் சற்று மேலே ஒதுக்கி விட்டிருந்தார்.

"சாந்தி, என்ர பெட்டிக்கு மேல ஆரும் விழுந்து அழவேண்டாம்," என்றார். "கண்ணீர் பட்டால் நான் திரும்பிப் பாப்பன். திரும்பிப் பாத்தால் போக ஏலாது. அங்கயும் இல்லை, இங்கயும் இல்லை எண்டு நிக்கவேணும். நான் அப்படி நிக்க மாட்டன். உங்கட அண்ணைக்குச் சொல்லு. நான் சொன்னால் அவர் இப்பவே அழுவார்."

"சொல்லுறன் மச்சாள்."

"பிறகு பாரிசிலயிருந்து என்ர அண்ணை வருவார். உங்களுக்கு எல்லாம் நூல் கட்டுவார். இவருக்கு முதல் கட்டச் சொல்லு. இவர்ட முப்பத்திரண்டும் என்னோட வெளிக்கிட்டிடும். எனக்குத் தெரியும். நீ பிடிச்சு வை."

இரண்டுக்கும் வாக்குக் கொடுத்தேன். அண்ணை மேலே வந்தார். மூவரும் வேறு கதை கதைத்தோம்.

ஆக, மச்சாள் போன பிறகு தோர்ண்டன் ஹீத் வீட்டை நல்ல வீடாக வைத்திருக்க நானும் தாரணியும் பாடுபட்டோம். மேசை போட்டோம். கச்சான் வறுத்தோம். தாரணியின் சிநேகிதர்கள் வந்து சீட்டு விளையாடினார்கள், மெல்லிய சத்தத்தில் பாட்டும் போட்டார்கள். வந்த எங்கள் ஆட்களில் சிலர் வாசலிலேயே நின்று சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தார்கள். சிலர் இருந்து விளையாடினார்கள், அவர்களை மறக்கமாட்டேன். பாரிசிலிருந்து மச்சாளின் தமையன் கம்சாய் வந்து சேர்ந்தார். இளவயதில் சில காலம் துறவியாக இருந்தவர், மந்திரம் தெரிந்தவர். இப்போது முழங்கால் நோவோடு பொல்லூன்றி நடக்கிறார். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. தாரணிதான் தனக்குத் தெரிந்த அரைகுறை லாவோ மொழியில் இடையில் நின்றாள்.

அண்ணை ஒரு மூலையில் இருந்தார். அழவேண்டாம் என்று மச்சாள் சொன்னதை நான் சொன்னேன். "ஓம்," என்றார். அதோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். அழுகையை மட்டுமல்ல, சாப்பாட்டை, கதையை, சீனி வருத்தத்துக்கு விழுங்குகிற குளிசையையும். சீட்டைக் கையில் கொடுத்தால் பிடித்துக்கொண்டிருப்பார், போடமாட்டார். அப்பாவுக்கு முன்னால் இருந்து தோற்க மச்சாள் இருந்தார். அண்ணைக்கு முன்னால் இருந்து நானும் தோற்றுப் பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை.

தகனத்தன்று மண்டபத்தில் பெட்டி திறந்திருந்தது. கம்சாய், தமிழ்க் கடையில் வாங்கிய தேங்காயை உடைத்து, அந்தத் தண்ணீரில் தங்கையின் முகத்தைத் துடைத்தார். மச்சாளுக்கு நெய்த கரையுள்ள பட்டுப் பாவாடை உடுத்திவிட்டிருந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு வந்த கல்யாண வீடுகளில் எல்லாம் "குணத்தின்ர மனிசி ஆம்பிளைச் சாரம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறா" என்று சிரித்தவர்கள், அன்றைக்கு அதன் கரையை உற்றுப் பார்த்தார்கள். சின்னம்மா வந்தார். வந்த வேகத்தில் பெட்டியைக் கட்டிப்பிடித்து, "என்ர ராசாத்தி," என்று குரல் எடுத்தார். நான் இடுப்பில் பிடித்து இழுத்தேன். எண்பதை நெருங்குகிற மனிசி, மீனைப்போல வழுக்கினார்.

"விடடி. அழாமல் அனுப்புறதோ? அவ என்ன நினைப்பா, தனக்கு ஒருத்தரும் இல்லை எண்டெல்லோ நினைப்பா," என்றார்.

இழுத்துக்கொண்டுபோய் வெளியே விட்டேன். வெளியில் நின்று அழுதார். தாரணி கண் நனையாமல் நின்றதைப் பார்த்து, "பெத்த தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை," என்று பின்வரிசையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்கும். அவள் தன் உதட்டைக் கடித்த இடம் மறுநாளும் வீங்கியிருந்தது. தகனச்சாலையில் திரையை மூடுகிற பொத்தானை அண்ணை அமத்தினார், கதவு மணியை அமத்துகிறவர்போல. திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சின்னம்மா காரில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீ அவனை அழ விடேல்லை சாந்தி. அது உள்ளுக்க நிண்டு அவனைத் தின்னுது." அவர் சொன்னது உண்மையாக இருந்தால் மச்சாளின் வழியைத் திறந்துவைக்க அண்ணையின் வழியை நான் அடைத்துவிட்டேன் என்றாகும். நித்திரை வராத எத்தனையோ நேரம் இதைத்தான் யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

அடுத்த நாள் பின்னேரம் கம்சாய் நூல் கட்ட ஆயத்தம் செய்தார். வாழையிலைக் கூம்பு, செவ்வந்தி, முட்டை, சோறு. மச்சாள் வைத்த மாதிரியே இருந்தது. மந்திரம் நீளமாகப் போனது. காடு மேடு ஆறெல்லாம் சுற்றித் திரிகிற உயிர்களே, வீட்டுக்கு வாருங்கள், உங்கள் பாய் இங்கே, உங்கள் சோறு இங்கே என்று கூப்பிடுகிறார் எனத் தாரணி என் காதில் சொன்னாள். முடிந்ததும் கம்சாய் ஒரு நூலை எடுத்து அண்ணையின் பக்கம் திரும்பினார். முதலில் அவருக்கு என்று நான் சொல்லி வைத்திருந்தேன்.

அண்ணை கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம்," என்றார். நாள்கணக்கில் அவர் பேசிய முதல் வசனம். "தாரணி, மாமாவுக்குச் சொல்லு. என்ர உயிரைக் கூப்பிட வேண்டாம். அது எல்லாம் அவளோட போகட்டும்."

தாரணி அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. கம்சாய் வற்புறுத்தவில்லை. நூலைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை எடுத்து, தாரணியைக் கையை நீட்டச் சொன்னார்.

அவளுடைய இடது முழங்கையை நான் ஏந்தினேன். அந்தக் கையில் கட்டி முடிந்தது. பிறகு வலது கை. அந்தப் பக்கம் சோபாவில் அண்ணை மட்டும்தான் இருந்தார். எழுந்து சுற்றிப் போய் அந்தக் கையையும் ஏந்தலாமா என்று நான் யோசித்தேன். கம்சாய் அந்தக் கையை வெளிப்பக்கமாக ஒரு தரம் தடவினார். உட்பக்கமாகத் தடவினார். முடிச்சுப் போட நூலைச் சுற்றினார். அண்ணை, நிறுத்திவைத்திருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் படம் எதுவும் இல்லை. அந்தப் பார்வையை எடுக்காமலே அவருடைய கை நீண்டு, மகளின் முழங்கைக்குக் கீழே போய் அதை ஏந்தியது.

யாரும் அதட்டவில்லை. அதட்ட ஆளில்லை என்பது அப்போதுதான் அண்ணைக்கு விளங்கியிருக்கவேண்டும். தன் கையைக் குனிந்து பார்த்தார். பிறகு வாய்விட்டு அழுதார். நான் கம்சாயைப் பார்த்தேன். அவர் அண்ணையைத் தடுக்கவில்லை. முடிச்சை இறுக்கிவிட்டுத் தாரணியிடம் ஏதோ சொன்னார். "அம்மா இப்ப தூரம் போயிட்டாவாம், இனி அழலாமாம்," என்று தாரணி சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள். அண்ணை அவளுடைய முழங்கையை விடவில்லை.

அன்றைக்கு ஒரு உருண்டை ஒட்டரிசிச் சோறு சாப்பிட்டார். குளிசையை நான் நீட்டினால் போடுகிறார், நீட்டாவிட்டால் போடுகிறாரில்லை. காலையில் தானே எழுந்து அலுமாரிக்கு முதல் உருண்டை வைக்கிறார். நூல் இன்னும் கட்டிக்கொள்ளவில்லை. கம்சாய் பாரிசுக்குப் போகமுன் தோளில் போட்டிருந்த அந்த நூலை என்னிடம் தந்துவிட்டுப் போனார். சுவர் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அண்ணை அதைக் கடந்துதான் சமையலறைக்குப் போகிறார், கடந்துதான் வருகிறார். அவர் கையை நீட்டுகிற நாளில் கட்டுவேன். நீட்டுவார் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மச்சாள், எங்கள் வீட்டில் யாரையும் "போங்கோ" என்று சொல்லி அனுப்பமாட்டோம். "போயிட்டு வாங்கோ" என்றுதான் சொல்லுவோம். வாசலில் நின்று எத்தனை தரம் உங்களுக்கு அப்படிச் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொன்னால் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள்.

போங்கோ மச்சாள். இஞ்சால பாக்கவேண்டாம். அண்ணையின்ர முழங்கையை நான் பிடிச்சிருக்கிறன்.